கண்ணாடி அடுப்பின் மேல்தட்டு உடைந்தால்: பழுது நீக்குவதா, மாற்றுவதா?

சமையல் எரிவாயு அடுப்பின் கண்ணாடி மேல்தட்டில் விரிசல் கண்ட பின்னரும், "தீ எரிகிறதே" என்று பல இல்லங்களில் அதே அடுப்பில் சமையல் தொடர்கிறது. விரிசலின் மீது ஒட்டுநாடா ஒட்டுவதும், பசை பூசுவதும், உடைந்த பகுதியின் மேல் தகரத்தை வைத்து மூடுவதும் வழக்கமாக உள்ளன. இவை எதுவும் பழுது நீக்கம் ஆகாது. மேலும், கண்ணாடி உடைந்ததற்கான காரணம் பெரும்பாலும் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. அதைக் கண்டறியாமல் கண்ணாடியை மட்டும் மாற்றினால், புதிய கண்ணாடியும் அதே வழியில் உடையக்கூடும்.

அடுப்புகளில் பொருத்தப்படுவது வலுவூட்டப்பட்ட கண்ணாடியாகும். சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சி விரைவாகக் குளிர்வித்து இதனைத் தயாரிக்கின்றனர். இதனால் மேற்பரப்பு இறுகியும் உட்பகுதி இழுபட்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இந்தச் சமநிலை ஓரிடத்தில் குலைந்தாலும் தட்டு முழுவதும் சிறு சிறு துணுக்குகளாகச் சிதறிவிடும். ஓரத்தில் பட்ட அடி அன்றே கண்ணாடியை உடைக்க வேண்டும் என்பதில்லை. சில வாரங்கள் கழித்து, அடுப்பு எரியாத வேளையிலும் அது வெடிக்கலாம். இக்கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ ஒட்டவோ இயலாது என்பதற்கும் இதுவே காரணம்.

பள்ளிபாளையம் போன்ற ஊர்களில் கூடுதல் கவனம் ஏன்?

நாமக்கல் மாவட்டத்தின் பள்ளிபாளையம் விசைத்தறிகள் நிறைந்த ஊர். தறிக்கூடத்தை ஒட்டியே வீடும், வீட்டின் ஒரு மூலையிலேயே சமையலறையும் அமைந்திருப்பின் மூன்று இடர்கள் ஒன்றுசேர்கின்றன.

முதலாவது பஞ்சுத்தூசி. அடுப்பின் திருகுக்குப் பின்னால், எரிவாயுவும் காற்றும் கலக்கும் குழாயில் ஒரு காற்றுத் துளை உண்டு. பஞ்சுத்தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அத்துளையை அடைத்தால், போதிய காற்றின்றி நீலச் சுடர் மஞ்சளாக மாறும். பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். சோற்றுக் கஞ்சி பொங்கி பர்னரின் துளைகளை அடைக்கும்போதும், பர்னர் மூடி சரியாக அமராதபோதும் சுடர் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ பாயும். சில வேளைகளில் சுடர் குழாய்க்குள்ளேயே பின்வாங்கி, கண்ணாடியின் அடியில் எரியும். கண்ணாடி உடைவதற்கான காரணங்களுள் மிகவும் ஆபத்தானது இதுவே.

இரண்டாவது தறியின் ஓசை. எரிவாயு கசியும் மெல்லிய சீறல் அந்த இரைச்சலில் காதில் விழாது. எனவே நாற்றத்தையே நம்ப வேண்டியுள்ளது. எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை அறிவதற்காகவே அதில் நாற்றப்பொருள் சேர்க்கப்படுகிறது.

மூன்றாவது, இரவு முறை வேலை முடித்தவர் பகலில் உறங்குவதற்காகச் சன்னல்களை மூடி வைப்பது. குறைகாற்றில் எரியும் மஞ்சள் சுடரிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிப்படும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பற்றுதலுடன் அது இரத்தத்தின் ஈமோகுளோபினோடு இணைந்துவிடுகிறது. சமைக்கும்போது தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் தோன்றி, வெளியே வந்தவுடன் குறைந்தால் அதனை வேலைக் களைப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். கருவுற்ற பெண்களுக்கும் கருவிலுள்ள குழந்தைக்கும் இவ்வாயு அதிகத் தீங்கு விளைவிக்கும். விரலில் மாட்டும் ஆக்சிசன் அளவியில் எண் சரியாகத் தெரிந்தாலும் நிம்மதி கொள்ள வேண்டாம். கார்பன் மோனாக்சைடு கலந்த இரத்தத்தையும் அக்கருவி இயல்பானதாகவே காட்டக்கூடும்.

பாத்திரத்தின் அளவும் கருதத்தக்கது. இவ்வூரின் பெயரையே தாங்கிய பள்ளிபாளையம் சிக்கனை அகன்ற இரும்பு வாணலியில், பெருந்தீயில், நெடுநேரம் வறுப்பது உண்டு. பர்னரைக் காட்டிலும் மிக அகன்ற கனத்த பாத்திரம் வெப்பத்தைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அவ்வாறு சூடேறிய கண்ணாடியின் மீது குளிர்ந்த நீரோ ஈரத்துணியோ பட்டால் அது உடைவதற்கு வாய்ப்பு மிகுதி. விருந்துச் சமையலுக்குத் தனியான இரும்பு அடுப்பைத் திறந்த வெளியில் பயன்படுத்துவது நல்லது.

கண்ணாடி சிதறியவுடன்

குழந்தைகளை உடனே வெளியேற்றுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். துணுக்குகள் சில நிமிடங்கள் வரை தெறித்துக்கொண்டிருக்கலாம்; ஆகவே அடுப்பின் மேல் குனிய வேண்டாம். சமையலறைக்குள் செருப்பு அணியும் வழக்கம் நம்மிடம் இல்லை. அன்று மட்டும் அணிந்துகொள்ளுங்கள். எரிவாயு நாற்றம் இருப்பின் மின்விளக்கு, மின்விசிறி, புகைபோக்கி விசிறி எதனையும் போடவோ அணைக்கவோ கூடாது. இவ்வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் படியும். எனவே சன்னலோடு கதவையும் திறந்துவிட்டு வெளியேறி, 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

அடுப்பிலும் அருகிலும் திறந்திருந்த உணவு அனைத்தையும் கொட்டிவிடுங்கள். துணுக்குகளைப் பொறுக்கிவிட்டு உண்ணலாம் என்று எண்ணுவது தவறு. குழம்பில் கலந்த கண்ணாடித் தூள் கண்ணுக்குத் தெரியாது.

தீக்காயமோ கொதிநீர்க் காயமோ ஏற்பட்டால், மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட்டு ஓடும் குழாய் நீரில் 20 நிமிடங்கள் காட்டுங்கள். பற்பசை, பேனா மை, இட்லி மாவு, மஞ்சள், எண்ணெய், பனிக்கட்டி ஆகியவற்றை இட வேண்டாம். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. தோலோடு ஒட்டிய துணியை இழுக்கக் கூடாது. கண்ணில் துணுக்கு விழுந்தால் தேய்க்காமல் தூய நீரால் கழுவுங்கள். குத்தி நிற்கும் துண்டை நீங்களே பிடுங்காதீர்கள். குழந்தைக்கு ஏற்பட்ட காயம், முகம், கை, மூட்டுகளில் ஏற்பட்ட காயம், உள்ளங்கையைவிடப் பெரிய காயம் ஆகியவற்றிற்கு 108 ஊர்தியில் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எதனைப் பழுது நீக்கலாம்?

கண்ணாடி மட்டும் உடைந்து, உட்புறக் குழாய், வால்வு, சட்டகம் ஆகியவை துருவோ வளைவோ இன்றி இருப்பின் மேல்தட்டை மாற்றினால் போதும். அதே நிறுவனத்தின், அதே வகை அடுப்பிற்குரிய தட்டையே கேட்டுப் பெறுங்கள். கடையில் அளவு கொடுத்து வெட்டி வாங்கும் சாதாரணக் கண்ணாடி, உடையும்போது கத்தி போன்ற நீண்ட துண்டுகளாகப் பிளக்கும். பணியாளரிடம் கண்ணாடியை ஒட்டுவதற்கு முன்பே கலக்கும் குழாயையும் காற்றுத் துளையையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். இணைப்புகளைச் சோப்பு நுரையால் சோதிக்க வேண்டும். தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்கக் கூடாது.

குழாய் துருப்பிடித்திருந்தாலோ, திருகு இறுகியோ தளர்ந்தோ இருந்தாலோ, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாவிட்டாலோ முழு அடுப்பையும் மாற்றுவதே முறை. எஃகு அடுப்பில் கண்ணாடி அச்சம் இல்லை. ஆயினும் கால் தேய்ந்து ஆடும் எஃகு அடுப்பிலிருந்து கொதிக்கும் சாம்பார் கவிழ்ந்து குழந்தை காயமடைவதும் இதே அளவு கவலைக்குரியது. மின்தூண்டல் அடுப்பின் மேல்தட்டில் மயிரிழை விரிசல் கண்டாலும் அதனைப் பயன்படுத்தக் கூடாது. வழிந்த நீர் உள்ளே இறங்கி மின்னதிர்ச்சி ஏற்படலாம்.

புதிய அடுப்பு வரும்வரை வீட்டிற்குள் விறகு மூட்டுவதைத் தவிர்த்து, அக்கம்பக்கத்தில் உதவி கேட்பதே நுரையீரலுக்கு நல்லது. அடுப்பை மாற்றும் நாளில் ரப்பர் குழாயில் அச்சிட்டுள்ள காலத்தையும் பாருங்கள். ஐந்து ஆண்டுகள் கடந்திருப்பின் அதனையும் மாற்ற வேண்டும். குழாயின் நீளம் ஒன்றரை மீட்டருக்கு மிகக் கூடாது.

எரிவாயு விபத்தில் காயமோ சேதமோ நேர்ந்தால் உடனே உங்கள் விநியோகஸ்தரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள பொதுப் பொறுப்புக் காப்பீடு வீட்டு நுகர்வோருக்கும் பொருந்தும். கோருவதற்கு மருத்துவமனைப் பதிவுகளும் காவல் நிலையத்தில் அளித்த தகவலின் நகலும் தேவைப்படலாம். அவற்றைப் பாதுகாத்து வையுங்கள்.

உடைந்த பழைய அடுப்பைப் பிறருக்கு இலவசமாகவும் கொடுக்க வேண்டாம். துணுக்குகளைத் தடித்த அட்டைப்பெட்டியில் இட்டு, "உடைந்த கண்ணாடி" என்று எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லி ஒப்படையுங்கள்.