நெற்பயிரின் செல் சுவரும் அதனைச் சிதைக்கும் நொதிகளும்: மதுராந்தகம் வட்டார நெல் சாகுபடியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தானியப் பயிர்களின் செல் சுவரிலுள்ள கார்போஹைட்ரேட்டுகளைச் சிதைக்கும் நொதிகள் விதை முளைத்தல், நோய்த் தாக்கம், வைக்கோல் செரிமானம் ஆகிய மூன்று நிலைகளிலும் செயல்படுகின்றன. ஒரே தன்மையுடைய வேதிவினை ஓரிடத்தில் ஆக்கமாகவும் மற்றோரிடத்தில் அழிவாகவும் முடிகிறது. நொதியைச் சுரக்கும் உயிரும், அது சுரக்கும் இடமும் காலமுமே இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: நெல், செல் சுவர், அரபினோசைலான், சைலனேஸ், இலைக்கருகல் நோய், வைக்கோல்.

முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் வட்டாரம் ஏரிப் பாசனத்தையும் வடகிழக்குப் பருவமழையையும் சார்ந்த நெல் விளையும் பகுதியாகும். இங்குள்ள உழவர் ஒரு பருவத்தில் இந்நொதிகளை மூன்று முறை எதிர்கொள்கிறார்: விதைநெல்லை முளைகட்டும்போது, பயிரின் இலை கருகும்போது, அறுவடைக்குப் பின் வைக்கோலை மாட்டுக்கு இடும்போது. வேளாண் நூல்கள் இவற்றைத் தனித்தனி இயல்களில் பேசுகின்றன. இவற்றை ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவரின் அமைப்பு

புல் குடும்பத்தின் செல் சுவர் பிற பூக்கும் தாவரங்களின் சுவரினின்றும் வேறுபட்டது. கார்பிட்டா, கிபோ ஆகியோர் 1993இல் இதனை இரண்டாம் வகைச் சுவர் என வகைப்படுத்தினர். இதில் செல்லுலோஸ் நுண்ணிழைகளை அரபினோசைலான் பிணைக்கிறது. பெக்டின் குறைவாகவே உள்ளது. அரபினோசைலானின் கிளைகளில் ஃபெரூலிக் அமிலம் எஸ்டர் பிணைப்பால் இணைந்துள்ளது. இவ்வமிலம் இரு சங்கிலிகளை ஒன்றோடொன்றும், சங்கிலியை லிக்னினோடும் பூட்டுகிறது.

தானியங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. வாற்கோதுமைக் கருவூணின் சுவரில் ஏறத்தாழ 75 விழுக்காடு பீட்டா குளுக்கான். கோதுமையில் ஏறத்தாழ 70 விழுக்காடு அரபினோசைலான். நெல்லின் கருவூணிலோ பீட்டா குளுக்கான் மிகக் குறைவு. எனவே வாற்கோதுமையில் கண்ட முடிவுகளை நெல்லுக்கு அப்படியே பொருத்துதல் இயலாது.

விதையில்: ஆக்கம்

விதைநெல்லை நீரில் ஊறவைத்து, வடித்து, ஈரக் கோணிச் சாக்கில் மூடி முளைகட்டுவது வழக்கம். நீரை உறிஞ்சிய கரு ஜிப்ரலினை உருவாக்குகிறது. அதன் தூண்டுதலால் முதலில் ஸ்குட்டெல்லமும் பின்னர் அலியூரோன் அடுக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது ஆல்ஃபா அமைலேஸ் என்பது பலரும் அறிந்ததே. ஆயினும் மாவுமணிகள் செல் சுவருக்குள் அடைபட்டுள்ளன. சைலனேஸ், குளுக்கனேஸ் முதலிய நொதிகள் அச்சுவரைத் தளர்த்தும்போதே அமைலேஸ் தடையின்றிப் பரவ முடியும். இங்குச் சுவர்ச் சிதைவு நெற்செடியின் கட்டுப்பாட்டிலேயே நிகழ்கிறது.

இலையில்: அழிவும் எச்சரிக்கையும்

பாக்டீரியா இலைக்கருகலை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் ஒரைசே, இலை விளிம்பின் நீர்க்கசிவுத் துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் நுழைந்து சைலத்தில் பெருகுகிறது. இதுவும் சைலனேஸ், செல்லுலேஸ், எஸ்டரேஸ் ஆகியவற்றையே சுரக்கிறது. ஐதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ரமேஷ் சோண்டியின் ஆய்வுக் குழு 2005இல் இப்பாக்டீரியாவின் சைலனேஸ் ஒன்றும், 2007இல் எஸ்டரேஸ் உள்ளிட்ட பிற சுரப்புகளும் நோய்த்திறனில் பங்கு கொள்வதைக் காட்டியது.

இவ்வாய்வின் மற்றொரு முடிவு இன்னும் முக்கியமானது. சுவரைத் தாக்கும் இச்சுரப்புகளை உணர்ந்து நெற்செடி தற்காப்பைத் தூண்டிக்கொள்கிறது. அத்தற்காப்பை அடக்கப் பாக்டீரியா வேறொரு சுரப்பு அமைப்பின் புரதங்களைச் செடியின் செல்லுக்குள் செலுத்துகிறது. ஆகவே சுவர் வெறும் தடுப்பு அன்று. உடைபடும்போது செய்தி தரும் காவலும் ஆகும். நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளக்கூடாது என்னும் வேளாண் பரிந்துரையின் அடிப்படையும் இங்கே விளங்கும்: கிள்ளிய காயம், சுவரை உடைக்கும் உழைப்பின்றியே பாக்டீரியாவுக்கு வழி திறந்துவிடுகிறது.

வைக்கோலில்: எஞ்சிய ஆற்றல்

வைக்கோலில் செல்லுலோஸ் மிகுதி. எனினும் அதைச் சிதைக்கும் நொதி மாட்டின் உடலில் சுரப்பதில்லை. அசையூண் இரைப்பையின் நுண்ணுயிரிகளே அப்பணியைச் செய்கின்றன. லிக்னின், சிலிக்கா, ஃபெரூலிக் அமிலப் பூட்டுகள் ஆகியன அவற்றின் நொதிகளைத் தடுக்கின்றன. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 3 வாரம் மூடிவைக்கும் முறையில், வெளிப்படும் அம்மோனியா அந்த எஸ்டர் பிணைப்புகளை அறுக்கிறது. அதன் பின்னரே நொதிகள் சர்க்கரைச் சங்கிலியை எளிதில் அணுகுகின்றன.

முடிவுரை

எளிதில் செரிக்கும் வைக்கோலுக்காகவும் எரிசாராயத்திற்காகவும் லிக்னினையும் ஃபெரூலிக் அமிலத்தையும் குறைத்த பயிர்களை உருவாக்கும் முயற்சிகள் உலகெங்கும் நடைபெறுகின்றன. ஆனால் வைக்கோலில் தடையாகத் தோன்றும் அதே பூட்டு, நிற்கும் பயிரில் தண்டுக்கு உறுதியும் இலைக்குக் காப்பும் தருகிறது. சுவரைத் தளர்த்திய நெல் பருவமழைக் காற்றில் சாயவும் கூடும். கருகலுக்கு எளிதில் ஆட்படவும் கூடும். யூரியா நேர்த்தியோ அறுவடைக்குப் பின் சுவரைத் திறப்பதால் வயலில் நிற்கும் பயிரைத் தொடுவதில்லை. எனவே செரிமானத்தை மட்டும் அளவிடும் ஆய்வு பாதி ஆய்வே ஆகும். சுவர் மாற்றிய எந்த நெல் வகையையும் விதை, இலை, வைக்கோல் ஆகிய மூன்று நிலைகளிலும் சோதித்த பின்னரே உழவருக்குப் பரிந்துரைத்தல் வேண்டும்.