பயம் ரோபோ மீது, ஆபத்து செல்பேசியில்

“செயற்கை நுண்ணறிவு என்றதும் மனத்தில் தோன்றுவதை வரையுங்கள்” என்று எட்டாம் வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மயிலாப்பூரில் என் வகுப்பு மாணவர்கள் பெரும்பாலும் வரைந்தது சிவப்புக் கண் ரோபோவைத்தான். சிலர் அதன் கையில் துப்பாக்கியும் கொடுத்திருந்தார்கள். செல்பேசியை வரைந்தவர் ஒருவரும் இல்லை.

இந்த ரோபோ எங்கிருந்து வந்தது? ‘எந்திரன்’ வெளியான 2010இல் இந்தக் குழந்தைகள் பிறக்கவே இல்லை. ஆனால், சிவப்புச் சில்லு பொருத்தியதும் கெட்டவனாக மாறும் சிட்டியைத் தொலைக்காட்சி இவர்களிடம் கொண்டு சேர்த்துவிட்டது.

ஊடகங்கள் எந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் பெரிதாகக் காட்டுகின்றனவோ, அதையே மக்களும் முக்கியமானதாகக் கருதுகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் மெக்கோம்ஸ், ஷா இருவரும் 1972இல் வெளியிட்ட ஆய்வில் இதை விளக்கினார்கள். செயற்கை நுண்ணறிவுக்கும் இது பொருந்தும்.

2023 மே மாதத்தில் ஜெஃப்ரி ஹிண்டன் உள்ளிட்ட அறிவியலாளர்களும் நிறுவனத் தலைவர்களும் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டனர். செயற்கை நுண்ணறிவால் மனித இனம் அழியும் அபாயத்தைப் பெருந்தொற்று, அணு ஆயுதப் போர் ஆகியவற்றுக்கு இணையாகக் கருத வேண்டும் என்றது அது. இது ஒதுக்கித் தள்ளக்கூடிய எச்சரிக்கை அன்று. ஆனால், அந்தத் தலைப்புச் செய்தியைப் படிக்கும் பெற்றோர் இன்று மாலை வீட்டில் என்ன செய்ய வேண்டும்? செய்வதற்கு வழி சொல்லாத பயம் நாலு நாளில் வேடிக்கைப் பேச்சாகிவிடும்.

பெற்றோர் கூட்டத்தில், ரங்கநாதன் தெருத் துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு தாய் கேட்டார்: “ரோபோ வந்தா எங்க வேலை போயிடுமா சார்?” நியாயமான கேள்விதான். “உங்க பொண்ணு குரல்லயே ஒருத்தர் பேசி, அவசரமா பணம் அனுப்பச் சொன்னா?” என்று நான் கேட்டேன். அப்படிச் செய்ய முடியும் என்றே அவர் கேள்விப்பட்டதில்லை. சில விநாடிக் குரல்பதிவு இருந்தாலே போலிக் குரலை உருவாக்கும் கருவிகள் வந்துவிட்டன.

குரல் நகல் பற்றிய செய்தி நம்மிடம் வராமல் இல்லை. அது வியப்பாக வந்தது. 2024 ஜனவரியில், ‘லால் சலாம்’ படப் பாடலுக்காக மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர்.ரகுமான் மீட்டெடுத்தார். குடும்பத்தினரின் அனுமதி பெற்று ஊதியமும் வழங்கியதாகத் தெரிவித்தார். அதே மாதம், 2018இல் மறைந்த முன்னாள் முதல்வர் மு.கருணாநிதி ஒரு நூல் வெளியீட்டு விழாவின் திரையில் ‘பேசினார்’. இத்தகைய நுட்பம் அனுமதியின்றியும் பயன்படும். 2023 நவம்பரில், நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் காணொலியில் ஒட்டிய போலி பரவியது. ‘டீப்ஃபேக்’ என்ற சொல் பலருக்கு அப்போதுதான் அறிமுகமானது. நடிகைக்கு நேர்ந்ததால் அது செய்தியாயிற்று. நம் மாணவிக்கு நேர்ந்தால் ஆகாது.

எந்தச் செய்தியை எடுத்தாலும் வகுப்பில் நான்கு கேள்விகள் கேட்கலாம்:

1. இதைச் சொல்பவர் யார்? அவருக்கு இதில் என்ன பயன்?
2. இக்கருவி இன்று உண்மையில் செய்யக்கூடியது எது, கற்பனை எது?
3. யார் பாதிக்கப்படுவார்? யாரிடம் அனுமதி பெறப்பட்டது?
4. நாம் என்ன செய்யலாம்?

நான்காவது கேள்விக்குச் செய்திகளில் பெரும்பாலும் விடை இருக்காது. அதை மாணவர்களே எழுதட்டும். என் மாணவர்கள் எழுதியவை: அழைப்பைத் துண்டித்து, தெரிந்த எண்ணுக்குத் திரும்ப அழைப்பது, வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்வது, பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழைப்பது.

தொடக்க வகுப்புகளுக்குப் பலகுரல் விளையாட்டே போதும். கண்ணை மூடிக்கொண்டு, பேசுவது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குரல் ஏமாற்றும் என்பதைக் குழந்தைகள் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார்கள்.

உயர்நிலை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். போலிப் படத்தால் பாதிக்கப்பட்ட மாணவி உங்களிடம் வந்தால், “நீ ஏன் படம் போட்டாய்?” என்று தொடங்காதீர்கள். படத்தை யாருக்கும் அனுப்பாமல், தலைமையாசிரியரிடம் சொல்லி, குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். தவறு அவளுடையது அன்று என்பதை முதலில் சொல்லுங்கள்.