சின்ன இன்ஜின், பெரிய வேகம்!

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே பெரிய இன்ஜின்தான் என்று நானும் நினைச்சிருந்தேன். 2013-ல் வந்த இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ 4சி காருக்கு நாலே சிலிண்டர், 1,742 சி.சி.தான். வெளியே போகும் புகையே டர்போவைச் சுழற்ற, அது காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் பெட்ரோல் எரியும். அதனால் 240 குதிரைத்திறன்! கார்பன் ஃபைபர் நடுக்கூடு வெறும் 65 கிலோ. பெட்ரோல், ஆயில் ஊற்றாத காரின் எடை 895 கிலோ. ஒரு குதிரைக்கு நாலு கிலோகூடச் சுமை இல்லை.

மாட்டு வண்டி ஓட்டும் எங்கப்பா, "மாட்டை அடிக்காதே, மூட்டையை இறக்கு" என்பார். அதே கணக்குதான்!

ஆனால் 2021-ல் வந்த ஃபெராரி 296 ஜிடிபி ஆறு சிலிண்டர்தான். இருந்தும் பேட்டரி, மோட்டார் ஏறியதால், எட்டு சிலிண்டர் எஃப்8-ஐவிட எடை அதிகம். இன்ஜினைக் குறைத்தால் மட்டும் போதாது. நாளை நாம் போடும் டிராயிங்கில் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குக் கேட்போம்!