மழைக்காலத்தில் நாளுக்கு 54 ரூபாய்

முத்தையாபுரம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி, வேப்பலோடை என்று தூத்துக்குடி மாவட்டக் கடலோரம் நெடுக உப்பளங்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அங்கே வேலை நின்றுவிடும். ஒரு நல்ல மழை போதும், பாத்தியில் உறையத் தொடங்கிய உப்பு கரைந்து போகும், அடித்தரை சேறாகும். மழை ஓய்ந்ததும் மறுநாளே உப்பு வாரிவிட முடியாது. சேற்றை வழிக்க வேண்டும், தரையை மிதித்து இறுக்க வேண்டும், உவர்நீரைப் பாத்தி பாத்தியாகக் காயவிட்டுப் பக்குவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அரசுக் கணக்கில் வேலையில்லாக் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பல வீடுகளில் அது தை தாண்டியும் நீள்கிறது.

வேலை இருக்கும் மாதங்களிலும் சேமிப்புக்கு இடமில்லை. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்பதால் இருட்டிலேயே அளத்துக்குப் போகிறார்கள். வாருபலகையால் இழுத்துச் சேர்த்த உப்பைப் பெண்கள் தலைச்சுமையாக வரப்பேற்றி அம்பாரமாகக் குவிக்கிறார்கள். பாதத்தில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும் உவர்நீர் உள்ளே இறங்கி எரியும். அது ஆறுவதற்குள் அடுத்த நாள் வேலை வந்துவிடும். வெள்ளைப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. ராஜம் கிருஷ்ணன் இந்த மக்களின் வாழ்க்கையை நேரில் அறிந்து ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதில் வரும் தலைச்சுமையும் முன்பணமும் இன்னும் பழங்கதை ஆகிவிடவில்லை.

மழைக்காலத்தில் இந்தக் குடும்பங்களை உடைப்பது கடன்தான். ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, பட்டினி இல்லை. 2023 செப்டம்பர் முதல் தகுதியுள்ள பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் வருகிறது. இரண்டும் பெரிய துணை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குழம்புக்கும் எண்ணெய்க்கும் வாடகைக்கும் மருந்துக்கும் ரொக்கம் வேண்டும். குழு லோனின் வாரத் தவணை மழையைப் பார்த்து நிற்பதில்லை. காதில் கிடந்த தோடு அடகுக்குப் போகிறது. அதுவும் போன பிறகு வட்டிக்காரர் வாசலுக்கு வருகிறார், அல்லது அடுத்த பருவத்துக் கூலியை முன்பணமாக வாங்கி உழைப்பை முன்கூட்டியே விற்க வேண்டியிருக்கிறது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்தது. கடனை மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. சட்டம் மிரட்டலைத் தடுக்கலாம். கார்த்திகை மாதச் செலவுக்குப் பணம் தராது.

இதை உணர்ந்துதான் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. பல தலைமுறைகளாக எந்தக் கணக்கிலும் வராத ஒரு வேலையில்லாக் காலத்தை அரசு ஏற்றுக்கொண்டது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் தொகையை 92 நாளுக்குப் பிரித்துப் பாருங்கள். நாளுக்கு 54 ரூபாய், அதுவும் ஒரு குடும்பத்துக்கு.

அதே கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்குத் தரும் நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023-ல் அறிவித்தார்கள். நாளுக்கு 131 ரூபாய். மீனவர்களுக்கு அது அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது, அவர்களுக்கும் அது போதாது. தடையை விதிப்பது அரசு, மழையை விதிப்பது அரசல்ல என்று அதிகாரிகள் வாதிடலாம். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. மீனவருக்குக் கூட்டுறவுச் சங்கம் உண்டு, பதிவேட்டில் பெயர் உண்டு, ஊர்க் கட்டுப்பாடும் உண்டு. தங்கள் பங்காக 1,500 ரூபாய் சேமித்தால் மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்த்து 4,500 ரூபாயாகத் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டமும் இருக்கிறது. இடைத்தரகர் அழைத்துவரும் உப்பளப் பெண்ணின் பெயரோ எந்த ஏட்டிலும் இல்லாமல் போகலாம். எந்த அளத்தில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தேன் என்று அவர் எதைக் காட்டுவார்?

போதாக்குறைக்கு, வானமும் இப்போது பழைய கணக்குப்படி நடப்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அளங்கள் மூழ்கின, குவித்து வைத்த உப்பும் போனது. இப்படிப்பட்ட இழப்புக்கு மனு, விசாரணை, ஆய்வு என்று அலையவிடாமல் வானிலை அளவை வைத்தே பணம் தரும் காப்பீடு சாத்தியம்தான். குஜராத்தில் பெண் தொழிலாளர் அமைப்பான சேவா 2023-ல் கடும் வெயிலுக்கு அப்படியொரு காப்பீட்டைத் தன் பெண் உறுப்பினர்களுக்குக் கொண்டுவந்தது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. இங்கே மழைக்கு அப்படிச் செய்ய என்ன தடை?

தொழிலாளர் துறைக்கு என் கோரிக்கை இதுதான். இவர்கள் பெயரும் ஏட்டில் ஏற, நலவாரியப் பதிவு முகாமை வேலை நடக்கும் கோடை மாதங்களில், அளத்து வரப்பிலேயே நடத்துங்கள். ஒரு நாள் கூலியை இழந்து அலுவலகத்துக்கு வரச் சொல்லாதீர்கள். நிவாரணத்தைக் குறைந்தபட்சம் மீனவருக்குத் தரும் நாள் கணக்குக்கு உயர்த்துங்கள். அக்டோபர் முதல் வாரத்திலேயே அது வங்கிக் கணக்கில் விழட்டும். டிசம்பரில் வரும் பணம் நேராக வட்டிக்காரர் கைக்குத்தான் போகும்.