அரை மராத்தான் பயிற்சி: முழங்காலைப் பதம்பார்ப்பது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்!

வாரம் முழுக்க ஆபீஸ். நடுவில் ரெண்டு நாள் 5 கி.மீ. ஓட்டம். ஞாயிறு காலையில் கூட ஓடுபவர், “வா, இன்னைக்கு கோமுகி அணை வரைக்கும் போயிடலாம்” என்று கூப்பிட்டால், அந்த உற்சாகத்தில் காலும் ஒத்துழைக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. செவ்வாய்க்கிழமை மாடிப்படி இறங்கும்போதுதான் முழங்கால் கணக்கு கேட்கும். 21.1 கி.மீ. அரை மராத்தானுக்குப் பெயர் கொடுத்த பலர், ரேஸுக்கு முன்பே ஓட்டத்தை நிறுத்துவது இப்படித்தான்.

10% விதி உண்மையா?

“ஒரு வாரத்தில் ஓடும் மொத்த தூரத்தை அடுத்த வாரம் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே” என்பது ஓட்டக்காரர்கள் மத்தியில் பழைய வேதவாக்கு. 2008-ல் நெதர்லாந்தில் 532 புதிய ஓட்டக்காரர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு 10% கணக்கில் 13 வாரப் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு வழக்கமான 8 வாரப் பயிற்சி. ரெண்டிலும் சுமார் 20% பேருக்குக் காயம். வித்தியாசமே இல்லை.

அப்போ சிக்கல் எங்கே? 2025-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் தலைமையில் வெளியான ஆய்வு வேறு இடத்தைக் காட்டுகிறது. 5,205 ஓட்டக்காரர்களின் ஸ்மார்ட்வாட்ச் பதிவுகளை 18 மாதங்கள் பார்த்தார்கள். வார மொத்தம் கூடியது காயத்தோடு பெரிதாகப் பொருந்தவில்லை. ஒரே ஓட்டத்தின் தூரம்தான் பொருந்தியது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட 10 முதல் 30% வரை கூடுதலாக ஒரே மூச்சில் ஓடியபோது காயத்தின் வேகம் 64% உயர்ந்தது. இரண்டு மடங்குக்கு மேல் போனவர்களுக்கு 128%. கலந்துகொண்டவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள், சராசரி வயது 45-க்கு மேல். அதனால் 25 வயதுக்காரருக்கு இதே சதவீதம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கணக்கு போட இது நல்ல அளவுகோல்.

போட்டுப் பார்ப்போம். இப்போது உங்கள் நீண்ட ஓட்டம் 5 கி.மீ. ஒவ்வொரு ஞாயிறும் 10% கூட்டினால் 5.5, 6, 6.7 என்று நகர்ந்து 14-வது வாரம் 19 கி.மீ. வரும். அடுத்த 10% கிட்டத்தட்ட 21 கி.மீ., அதாவது ரேஸே அதுதான்! நடுவில் நாலு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறைத்து காலுக்கு ஓய்வு கொடுத்தால் மொத்தம் நாலரை மாதம் ஆகும். ஆப்பில் கிடைக்கும் ‘8 வாரத்தில் அரை மராத்தான்’ அட்டவணைகள் ஏற்கெனவே 10 கி.மீ. ஓடுகிறவர்களுக்கு. காய்ச்சலில் ஒரு மாதம் படுத்துவிட்டால்? பழைய 12 கி.மீ. செல்லாது, கணக்கு மறுபடி கீழே இருந்துதான்.

மலை எப்போது?

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் பக்கம் பெரும்பாலும் சமதளம். கோமுகி அணையை ஒட்டி கல்வராயன் மலையடிவாரம் வந்துவிடும், வெள்ளிமலைக்கு ஏற்றம் தொடங்கும். மூச்சு வாங்குவதால் ஏற்றத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். காலுக்கு வில்லன் இறக்கம். 9 டிகிரி சரிவில் இறங்கி ஓடும்போது பாதம் தரையில் மோதும் விசை சமதளத்தைவிட 54% அதிகம் என்று அமெரிக்காவில் நடந்த 2005 ஆய்வு ஒன்று அளந்தது. தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டியிருப்பதால், வலி ஒன்றிரண்டு நாள் கழித்துதான் உச்சத்துக்கு வரும். முதல் ரெண்டு மாதம் மலையில் ஏறி ஓடுங்கள், இறங்கும்போது நடந்தே வாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, கரும்பு. கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால் அரவை சீசனில் விடியும் முன்பே கரும்பு டிராக்டர்கள் வரும். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ரோட்டின் வலது ஓரத்தில், பளிச்சென்ற மேலாடையோடு ஓடுவதே பாதுகாப்பு. ஆனால் ரோடு ஓரத்துக்குச் சரிந்தே இருக்கும். தினமும் அந்தச் சரிவில் ஓடினால் ஒரு கால் மட்டும் அடி வாங்கும். வாரத்தில் ஒரு நாளாவது மைதானம் நல்லது.

வலி வந்துவிட்டால்?

வலிக்கு 10-க்கு மார்க் போடுங்கள். 2, 3 என்றால், அடுத்த நாள் காலையில் அதே அளவில் இருந்தால், தூரத்தைக் குறைத்து ஓடலாம். நடையே நொண்டினால் நிறுத்த வேண்டும். ஸ்ப்ரே அடித்துக்கொண்டு ஓடுவது, ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை போடுவது ரெண்டும் மோசமான பழக்கம். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்.

எலும்பில் ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்டும் அளவுக்கு வலி, படுத்திருந்தாலும் வலி என்றால் எலும்பு விரிசலாக இருக்கலாம். எலும்பு சிகிச்சை டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆரம்ப வாரங்களில் இது எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்றதும் ஷூவை மாட்டிவிடாதீர்கள். வலி தொடர்ந்தால் மறுபடி காட்டுங்கள்.

2004 சாலை விபத்தில் முழங்காலில் காயம்பட்ட மா.சுப்பிரமணியன் பின்னர் 100-க்கும் மேற்பட்ட அரை மராத்தான்களை ஓடி முடித்தது பலருக்கும் தெரியும். அதைச் சொல்லிக் காயத்தோடு ஓடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அவர் ஓட வந்தது விபத்துக்குப் பல வருடம் கழித்து. அவர் சுகாதாரத் துறை அமைச்சராக இருந்தபோது, 2023 நவம்பரில், 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. ‘ஹெல்த் வாக்’ பாதைகள் தொடங்கப்பட்டன. காயத்திலிருந்து திரும்புபவர்கள் முதலில் அந்த 8 கி.மீ. தூரத்தை வலியில்லாமல் நடந்து பார்க்கலாம். பிறகு ஒரு நிமிட ஓட்டம், நாலு நிமிட நடை.