கைத்தொலைபேசியின் பேட்டரி ஏன் விரைவில் தீர்கிறது?



காலையில் பிரட்டுக்குக் கிளம்பும்போது முழுச் சார்ஜ் இருந்தது. வேலை முடிந்து திரும்புவதற்குள் கைத்தொலைபேசி கண்ணை மூடிவிட்டது. இப்படி அலுத்துக்கொள்ளும் குரலை நம் தோட்டங்களில் எந்த லயத்திலும் கேட்கலாம். கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, பல நாள் கூலியைக் கொடுத்துப் புதியது வாங்குவோரும் உண்டு. அதற்கு முன், உள்ளே இருக்கும் மின்கலத்தை, அதாவது நாம் பேட்டரி என்கிறோமே அதை, கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

டிரான்சிஸ்டர் 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கொண்டு செய்த சிறிய வானொலிப் பெட்டி 1954இல் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் அப்பெட்டி தோட்டத்து வீடுகளுக்குள்ளும் வந்தபோது, நம் பெரியவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். தீர்ந்துபோன பேட்டரிகளை வெயிலில் காயவைத்து மறுபடியும் போட்டுப் பாட்டுக் கேட்டார்கள். வெப்பம் பட்டால் அந்தப் பேட்டரிக்குள் இருக்கும் இரசாயனப் பொருள்கள் சற்று வேகமாக வேலை செய்யும். அதனால் சிறிது நேரம் உயிர் வரும். அந்தத் தந்திரம் அதற்குச் சரி. ஆனால் இன்றைய கைத்தொலைபேசிக்கு வெயில்தான் முதல் எதிரி!

ஏன் என்று பார்ப்போம். இன்றைய பேட்டரி லித்தியம் அயனி வகையைச் சேர்ந்தது. ஜப்பானின் சோனி நிறுவனம் 1991இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கப் பாடுபட்ட ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதன் உள்ளே எதிரெதிராக இரண்டு லயங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே ஓர் ஆறு. சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் துகள்கள் ஒரு லயத்திலிருந்து ஆற்றைக் கடந்து மறு லயத்திற்குப் போகின்றன. நாம் பேசும்போதும் படம் பார்க்கும்போதும் அவை பழைய லயத்திற்கே திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்தால்தான் மின்சாரம் கிடைக்கிறது.

ஒவ்வொரு பயணத்திலும் சில துகள்கள் வழியிலேயே சிக்கிக்கொள்ளும். அதனால்தான் சில நூறு முறை முழுச் சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகு பேட்டரியின் கொள்ளளவு குறைகிறது. வெப்பம் மிகுந்தால் இந்தச் சிதைவு இன்னும் விரைவுபடும். எனவே மோட்டார் சைக்கிளின் இருக்கை மேலோ, வெயில் படும் சன்னலோரத்திலோ கைத்தொலைபேசியை வைக்கக் கூடாது.

"சார்ஜ் முழுவதும் தீர்ந்த பிறகே ஏற்ற வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். அது நிக்கல் காட்மியம் என்ற பழைய வகைப் பேட்டரிக்குச் சொன்ன அறிவுரை. லித்தியம் பேட்டரியை அடிக்கடி அடிமட்டம்வரை தீர விடுவது அதற்குக் கேடு. எப்போதும் நூறு விழுக்காட்டிலேயே வைத்திருப்பதும் நல்லதன்று. இருபதுக்கும் எண்பதுக்கும் இடையில் வைத்துக்கொண்டால் நெடுநாள் உழைக்கும். எண்பதுக்கு மேல் சார்ஜ் ஆமை வேகத்தில் ஏறுவதைக் கண்டிருப்பீர்கள். மறு லயத்தில் கூட்டம் நிரம்பிவிட்டதால், இடித்துத் தள்ளாமல் மெதுவாக அனுப்பும்படி கருவியே கட்டுப்படுத்துகிறது. அது கோளாறு அன்று.

முப்பது விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த கருவி திடீரென்று அணைந்துவிடுவதும் உண்டு. திரையில் தெரியும் எண் அளந்து பார்த்த அளவு அன்று. கருவி போடும் கணக்கு. பேட்டரி முதுமை அடைந்தால் அந்தக் கணக்கு பொய்க்கும். அத்துடன், ஒரே நேரத்தில் அதிக மின்சாரம் கேட்கும்போது முதிய பேட்டரியால் கொடுக்க முடியாது. இந்த நிலையில் பெரும்பாலும் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். புதுக் கருவி வாங்கும் முன், கடையில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

தோட்டத்தில் சார்ஜ் விரைவாகத் தீர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கைத்தொலைபேசி கோபுரத்தோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. கோபுரம் அருகில் இருந்தால் மெல்லப் பேசினால் போதும். தொலைவில் இருந்தாலோ, இடையில் குன்று இருந்தாலோ, உரத்துக் கூவ வேண்டும். கூவுவதற்குச் சக்தி வேண்டுமல்லவா? நீர் நிறைந்த இலைகள் அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே அடர்ந்த செம்பனைக் காட்டில் அலை மங்கும். துத்தநாகக் கூரையும் அலையைத் தடுக்கும். அலையே இல்லாத இடத்தில் வேலை செய்யும்போது விமானப் பயண நிலையைப் போட்டுவிட்டால், அந்த வீண் கூச்சல் நிற்கும். மாலைவரை சார்ஜ் நிற்கும். ஆனால் அந்த நேரத்தில் யாரும் நம்மை அழைக்க முடியாது என்பதை வீட்டில் சொல்லிவைக்க வேண்டும்.

பவர் பேங்க் வாங்கியவர்களுக்கும் ஒரு மனக்குறை உண்டு. பெட்டியில் 10,000 என்று போட்டிருக்கிறது. 5,000 அளவுள்ள கைத்தொலைபேசியை இரண்டு முறை நிரப்பவில்லையே, ஏமாற்றுகிறார்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. உள்ளே இருப்பது ஏறக்குறைய 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். 3.7ஐப் 10,000ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 7,400தான் வரும். இப்படி மாற்றும்போதும், மறுபடி கைத்தொலைபேசிக்குள் ஏற்றும்போதும் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். ஆகவே ஒன்றரை முறைக்குச் சற்று முன்பின் கிடைத்தால் அது நேர்மையான பவர் பேங்க்தான்.

மின்கட்டணத்தை எண்ணி யாரும் அஞ்ச வேண்டாம். 5,000 அளவுள்ள பேட்டரியை ஏறத்தாழ நாற்பது முறை நிரப்பினால்தான் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். அஞ்ச வேண்டியது மலிவான சார்ஜருக்கு. சுவரில் வரும் மின்சாரம் மனித உயிரைக் கொல்லக்கூடியது. அதைச் சில வோல்ட்டுகளாகக் குறைத்துத் தருவதே சார்ஜரின் வேலை. உள்ளே காப்பு சரியில்லாவிட்டால் அந்த மின்சாரம் கம்பி வழியே கைக்கும் காதுக்கும் வந்துவிடும். சிரிம் சான்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சார்ஜில் இருக்கும் கைத்தொலைபேசியைக் காதில் மாட்டிய கம்பியோடு பயன்படுத்தாதீர்கள். தாய்மார்களே, தலையணைக்கு அடியிலோ மெத்தையின் மேலோ வைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டாம். வெப்பம் வெளியேற வழியில்லாமல் தீப்பிடிக்கக்கூடும். ஒட்டி ஒட்டிக் கட்டிய லயங்களில் ஒரு வீட்டில் பிடிக்கும் தீ அடுத்த வீட்டையும் விடாது.

பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். அழுத்தவோ ஊசியால் குத்தவோ கூடாது. குப்பையோடு எரிக்கவும் கூடாது. பழுது பார்க்கும் கடையிலோ மின்னியல் கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் அதை விளையாட்டுப் பொருளாக எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, பள்ளிக்கூடமே கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. ஒரே கருவியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுப் படித்த வீடுகளும் உண்டு. சார்ஜ் தீர்ந்தால் அன்றைய பாடமும் போயிற்று. இன்றும் பள்ளிச் செய்தியும் சம்பளக் கணக்கும் அதில்தான் வருகின்றன. காட்டில் ஒருவரைப் பாம்பு தீண்டினாலோ, மரக்கிளை விழுந்து அடிபட்டாலோ, 999ஐ அழைப்பதும் அதன் வழியாகத்தான். ஆகவே கடைசி இருபது விழுக்காட்டைப் பாட்டுக்கும் படத்துக்கும் செலவிடாமல், வீட்டில் அவசரத்துக்கு எடுத்துவைக்கும் அரிசியைப் போல் காத்து வையுங்கள்.