கொரோனா பெருந்தொற்றும் கொத்தடிமை முறையும்

கொத்தடிமை முறை என்பது கடனுக்கோ முன்பணத்துக்கோ ஈடாக ஒருவரைக் கட்டாயமாக வேலை வாங்குவதாகும். இது நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவம். கொரோனா பெருந்தொற்று, கடன்பட்ட தொழிலாளர்களை இந்நிலைக்கு மேலும் நெருக்கமாகத் தள்ளியது.

விசைத்தறியும் பாக்கியும்

ராசிபுரம் அமைந்துள்ள நாமக்கல் மாவட்டத்தில் விசைத்தறி முக்கியத் தொழில்களுள் ஒன்று. காவிரிக்கரையிலுள்ள பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில், வேலைக்குச் சேரும்போது தறி உரிமையாளரிடம் முன்பணம் வாங்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. இது 'பாக்கி' எனப்படுகிறது. பாக்கியைத் தீர்க்காமல் வேறு தறிக்குப் போவது கடினம்.

ஊரடங்கின் தாக்கம்

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. நெய்த அளவுக்கே கூலி என்பதால், தறி நின்றதும் வருமானமும் நின்றது, கடன் குறையவில்லை. அரிசிக்கும் வாடகைக்கும் மருந்துக்கும் மீண்டும் கடன் வாங்கினால் பாக்கி ஏறும். விடுபடும் நாள் தள்ளிப்போகும். பள்ளிகளும் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அதுவரை குழந்தைகள் வேலைக்கு அனுப்பப்படும் ஆபத்து கூடியிருந்தது.

உலக அளவில் நவீன அடிமைத்தனத்தில் சிக்கியோர் 2016-இல் 4.03 கோடி, 2021-இல் 4.96 கோடி எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டுள்ளது. பெருந்தொற்று, போர், காலநிலை மாற்றம் ஆகியவை இந்த உயர்வுக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

சட்டப் பாதுகாப்பு

முன்பணம் வாங்குவது மட்டுமே கொத்தடிமை ஆகாது. அதைக் காட்டி வேறு வேலைக்குச் செல்லும் உரிமை மறுக்கப்பட்டால் அது கொத்தடிமை முறையாகும். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அத்தகைய கடன் செல்லாது. அதற்காகப் பணம் பெறுவதும் குற்றம். மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ புகார் அளிக்கலாம். விடுவிப்புச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அரசின் மறுவாழ்வு உதவி உண்டு. குழந்தைகள் தொடர்பான புகார்களுக்கு 1098 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.